சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்: பழைய பொக்லைன் எஞ்சினில் பழுது கண்டறியும் வழி

கள்ளிக்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் தூர்வாரும் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய வண்டி அதன்பின் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, உயிர் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அதற்குள் எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார், கேம் சென்சார், டீசல் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சார் மூன்றையும் புதிதாக வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் செலவு. "சென்சார் எல்லாம் மாற்றியாகிவிட்டது அண்ணே, இனி கன்ட்ரோலர்தான் பாக்கி என்கிறார்கள்" என்றார் உரிமையாளர். எஞ்சினின் மூளையான கன்ட்ரோலரின் விலையை நினைத்தே அவர் இரண்டு இரவு தூங்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே போகும் வயர் கட்டைப் பிரித்தேன். எலி கடித்து, கிராங்க் சென்சாரின் கம்பி ஒன்று முழுதாக அறுந்திருந்தது. ஒரு சாண் கம்பியும், சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஸ்லீவ் ஒரு துண்டும் போதுமானதாக இருந்தன.

அந்த மூன்று நாட்கள்தான் இதை எழுத வைத்தன. கன்ட்ரோலர் பதிந்துவைத்த பழுதைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் வந்தால் அந்த சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அந்தச் சுற்றில் எங்கோ குறை இருக்கிறது என்றுதான் பொருள். சென்சார், அதில் கம்பியைச் செருகும் கப்ளர், கம்பி, எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி), சென்சாருக்கு வரும் ஐந்து வோல்ட் ஊட்டம், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. பழைய வண்டிகளில் நான் பார்த்தவரை கப்ளரும் கம்பியும் எர்த்தும்தான் அதிகம் சிக்குகின்றன. நல்ல சென்சாரைக் கழற்றிக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தவணை கட்டுகிற ஒருவரின் பணம் அது.

தொடங்கும் முன்

நம் பக்கம் செயின் வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஹிட்டாச்சி என்போம்; செய்தித்தாளில் பொக்லைன் என்று எழுதுவார்கள். பெயர் எதுவானாலும் எஞ்சின் இரண்டில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். பழைய வகையில் சாதாரண டீசல் பம்ப் இருக்கும். அதன் ஆக்சிலரேட்டர் நெம்பை ஒரு சிறு மோட்டார் கேபிளாலோ தண்டாலோ இழுக்கும். இதில் சென்சார் குறைவு. புதிய வகை காமன் ரயில்: டீசல் ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் நின்று, மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர் வழியே போகும். கீழே சொல்வதில் பெரும்பகுதி காமன் ரயிலுக்கு.

கையில் ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். கப்ளரைப் பிரிக்காமல் பின்புறமிருந்து அளக்க மெல்லிய குண்டூசிகள், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, ஆயில் பிரஷரை நேரடியாகக் காட்டும் கடிகாரக் கேஜ் ஒன்று. ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதி வேலை நடக்கும். பல்பு போட்ட டெஸ்ட் லேம்பை மட்டும் கன்ட்ரோலர் கம்பிகளில் வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சுற்று தாங்காது.

உயிருக்கு வருகிற விஷயம் ஒன்று. காமன் ரயில் எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கவே கூடாது. பழைய பம்ப்பில் செய்த பழக்கம் கையில் இருக்கும். இங்கே அது கையையே கொண்டுபோய்விடும். ஐடிலில் (லோடு இல்லாமல் மெதுவாக ஓடும்போது) 300, 400 பார், முழு லோடில் 1,600 பாரும் அதற்கு மேலும் நிற்கிறது; ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் வலி இல்லை என்று இருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் விட்ட பிறகே அந்தக் குழாய்களைத் தொடுங்கள். பக்கெட் தரையில் ஊன்றியிருக்கட்டும், கேபினில் லாக் நெம்பு பூட்டியிருக்கட்டும்.

அடுத்தது பேட்டரி. இதை அளக்காமல் சென்சாரைப் பற்றிப் பேசுவதே வீண். 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக நின்று 24 வோல்ட். ஓய்வில் 25 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றும்போது) 18க்குக் கீழே விழுந்தால் கன்ட்ரோலர் தடுமாறும், பொய்யான பழுது எண்கள், அதாவது பொய்க் கோடுகள் வரும். ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை. பிறகு எர்த்: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். பெயின்ட் அடித்து விற்ற வண்டிகளில் எர்த் போல்ட்டின் அடியிலேயே பெயின்ட் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கோடு என்ன சொல்கிறது

பல வண்டிகளில் எஞ்சின் கோடு இரண்டு எண்களாக வரும். எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும். எஃப்எம்ஐ என்ன குறை என்று சொல்லும். ஜே1939 என்ற பொது முறை இது. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. 100 ஆயில் பிரஷர், 102 டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், 105 உள்ளே போகும் காற்றின் வெப்பம், 110 ரேடியேட்டர் தண்ணீர் வெப்பம், 157 ரயில் அழுத்தம், 190 எஞ்சின் வேகம், 97 டீசலில் தண்ணீர். சில கம்பெனிகள் மானிட்டரில் சொந்த எண்ணும் காட்டும்; அதற்கு அந்த மாடலின் புத்தகம் வேண்டும்.

எல்லாரும் முதல் எண்ணைப் படித்துவிட்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போகிறார்கள். இரண்டாவது எண்தான் பணத்தைக் காப்பாற்றுவது. எஃப்எம்ஐ 3 என்றால் சிக்னல் வோல்ட் மிக அதிகம். 4 என்றால் மிகக் குறைவு. 5 என்றால் மின்னோட்டம் குறைவு, பெரும்பாலும் கம்பி அறுந்தது. இந்த மூன்றும் மின்சாரக் குறை: மீட்டரை எடுங்கள். 0 என்றால் அளவு உண்மையாகவே மேலே போயிருக்கிறது, 1 என்றால் கீழே விழுந்திருக்கிறது. இங்கே சென்சார் உண்மையைச் சொல்கிறது. 110க்கு 0 வந்தால் தண்ணீர் கொதிக்கிறது. வெப்ப சென்சாரை மாற்றினால் எஞ்சின் ஹெட் போகும். 2 என்றால் சிக்னல் தாறுமாறாக வருகிறது: தளர்ந்த பின், அரைகுறையாக அறுந்த கம்பி.

கோடுகளை அழிக்கும் முன் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எது இப்போது இருப்பது, எது பழையது, எத்தனை முறை வந்தது, எத்தனையாவது மணி நேரத்தில் வந்தது என்று எல்லாம். அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, எது முதலில் திரும்பி வருகிறதோ அதைப் பிடியுங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

செல்ஃப் அடிக்கும்போது மானிட்டரிலோ ஸ்கேனரிலோ எஞ்சின் வேகத்தைப் பாருங்கள். 150 முதல் 250 வரை ஏதேனும் ஓர் எண் துள்ளினால் கிராங்க் சிக்னல் வருகிறது. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பூஜ்யமே நின்றால் அந்தச் சுற்றைத் தேடுங்கள்.

கிராங்க் சென்சார் இரண்டு வகை. இரண்டு கம்பி வருவது காந்தச் சுருள். கப்ளரைக் கழற்றி ஓம் அளக்கலாம். மாடலுக்கு மாடல் நூற்றுச் சொச்சம் ஓமிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, முடிவிலியாகவும் இருக்கக் கூடாது. இரண்டு முனையிலிருந்தும் எஞ்சின் பாடிக்குத் தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் சிறு வோல்ட் எழ வேண்டும். மூன்று கம்பி வருவது ஹால் வகை: ஊட்டம் வாங்கி இயங்கும் மின்னணு சென்சார். அதில் ஓம் அளப்பது பயனற்றது. சாவி போட்டுக் கப்ளரில் ஊட்டமும் எர்த்தும் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு கப்ளரை மாட்டி, சிக்னல் கம்பியில் குண்டூசி செருகி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றினால் வோல்ட் மேலும் கீழும் தாவ வேண்டும்.

சென்சாரைக் கழற்றினால் நுனியைப் பாருங்கள். இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருந்தால் துடைத்துப் போட்டே பல வண்டிகள் ஓடியிருக்கின்றன. ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விடாதீர்கள். பல் சக்கரத்துக்கும் நுனிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு வாஷர் சேர்த்துப் போட்டிருந்தால் சிக்னல் வராது.

வேகம் வருகிறது, இன்னும் பிடிக்கவில்லை என்றால் ரயில் அழுத்தம். பல எஞ்சின்களில் செல்ஃப் அடிக்கும்போது 150 முதல் 250 பார் எட்டாமல் கன்ட்ரோலர் இன்ஜெக்டரைத் திறக்காது. அழுத்தம் ஏறாததற்கு சென்சாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். ஃபில்டர் அடைப்பு, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் காற்று, கை பம்ப்பின் வாஷர், தேய்ந்த இன்ஜெக்டர் வழியே திரும்பி ஓடும் டீசல்: இவை முதலில். சென்சாரைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரவு முழுதும் நின்ற எஞ்சினில் சாவி மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். ரயிலில் அழுத்தமே இருக்க முடியாது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும், சிக்னலில் அரை வோல்ட் அளவு இருக்க வேண்டும். அங்கே 80, 100 பார் என்று காட்டினால் சென்சாரோ அதன் எர்த்தோ பொய் சொல்கிறது.

சூடானால் நிற்கிறது, ஆறினால் பிடிக்கிறது

மிகவும் அலைக்கழிக்கிற குறை இது. மெக்கானிக் வரும்போது வண்டி நன்றாக ஓடும். அவர் பஸ் ஏறியதும் நிற்கும். சித்திரை, வைகாசியில் இந்த அழைப்புகள் எனக்கு இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில், கிரஷர் பாறையின் மேல் நிற்கும் வண்டியின் எஞ்சின் அறைக்குள் கை வைக்க முடியாது.

காந்தச் சுருள் சென்சாருக்குள் முடி போன்ற கம்பி சுற்றியிருக்கிறது. வெப்பத்தில் அது விரிந்து ஓரிடத்தில் விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டும். நின்ற அந்த நிமிடமே அளந்தால்தான் பிடிபடும். அதனால் ஆபரேட்டருக்கே கற்றுக்கொடுங்கள். ஒத்தக்கடையில் ஒரு தம்பிக்கு மீட்டரை வாங்கிக் கொடுத்து, இரண்டு முனைகளை எங்கே வைப்பது என்று சாக்பீஸால் குறித்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் மதியம் ஃபோன் வந்தது. "அண்ணே, இப்போதுதான் நின்றது. மீட்டரில் எண்ணே வரவில்லை. காலையில் 900 காட்டியது." அந்த ஒரு வாக்கியத்தில் பழுது முடிந்துவிட்டது. சென்சாரை மாற்றச் சொன்னேன், மாற்றினார், ஓடுகிறது. சென்சார்தான் குற்றவாளி என்று உறுதியாகத் தெரிந்து மாற்றிய இடம் அது.

ஆள் இல்லையென்றால், காலையில் குளிர்ந்த சென்சாரைக் கழற்றி மீட்டரில் மாட்டி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் நுனியை மட்டும் முக்குங்கள். ஓம் கொஞ்சம் கூடுவது இயல்பு. திடீரென்று முடிவிலிக்குத் தாவினால் அதை மாற்றலாம்.

சூட்டில் நிற்பதெல்லாம் சென்சார் அல்ல. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் ஒரு மணி நேரம் ஓடி, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி நிற்கும். நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் அதுதான். கரிசல் மண்ணில் ஓடும் வண்டிகளில் இதை நான் தவறாமல் பார்ப்பேன்.

ஆர்பிஎம் இருக்கிறது, இழுவை இல்லை

லோடு போட்டதும் எஞ்சின் மூச்சு வாங்குகிறது, மானிட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சென்சாரின் சொல்லில் சந்தேகம் வந்தால் கன்ட்ரோலர் எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும்.

டர்போ காற்றழுத்த சென்சாரைச் சோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் அது காட்ட வேண்டியது வெளிக்காற்றின் அழுத்தம். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். ஆகவே 100 கிலோபாஸ்கலை (ஒரு பார்) ஒட்டி இருக்க வேண்டும். இதே வண்டியைக் கொடைக்கானலுக்கு ஏற்றினால் 2,100 மீட்டரில் 78, 79 காட்டும். அதைப் பார்த்து சென்சார் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சில ஸ்கேனர்கள் வெளிக்காற்றைக் கழித்துப் பூஜ்யம் என்று காட்டும். கன்ட்ரோலருக்குள் வெளிக்காற்றை அளக்கும் இன்னொரு சென்சார் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சில கிலோபாஸ்கலுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகிறது, ஆனால் லோடில் அழுத்தம் ஏறவில்லை என்றால் சென்சாரை விடுங்கள். டர்போவிலிருந்து கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விரலுக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். ஏர் ஃபில்டரில் மேலூர் பக்கத்துக் கல் தூசி சிமென்ட் போல அடைந்திருக்கும். டீசல் ஃபில்டரும் இதே அறிகுறியைத் தரும்.

எஞ்சின் சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, பூமும் ஆர்மும் (பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையும் சிறிய கையும்) சேர்த்து இயக்கினால் மட்டும் அமுங்கி நின்றால் ஹைட்ராலிக் பம்ப் பக்கமும் சந்தேகம் போக வேண்டும். எஞ்சினுக்கு ஏற்றபடி பம்ப் தன் சுமையைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் நல்ல எஞ்சினும் அமுங்கும்.

ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடுகிறது

ஆக்சிலரேட்டர் டயலுக்குள் இருப்பது ரேடியோ வால்யூம் திருகு போன்ற ஒன்று. ஒரு முனையில் ஐந்து வோல்ட், மறுமுனை எர்த், நடுவில் சிக்னல். ஆபரேட்டர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்து ஓட்டுவார்கள்; தடம் அந்த இடத்தில்தான் தேயும். சிக்னலை அளந்துகொண்டே டயலை மிக மெதுவாகத் திருப்புங்கள். அரை வோல்ட்டிலிருந்து நாலரை வரை சீராக ஏற வேண்டும், இடையில் ஒரு துள்ளல்கூட இல்லாமல். இதற்கு மட்டும் பழைய முள் மீட்டர் டிஜிட்டலைவிட மேல்: முள் நடுங்குவது கண்ணுக்குத் தெரியும்.

பழைய வகை எஞ்சினில் நெம்பை இழுக்கும் மோட்டாருக்குள்ளும் இதே திருகு உண்டு. அது தேய்ந்தால் மோட்டார் இடம் தெரியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

டயல் சீராக இருந்தும் காமன் ரயில் எஞ்சின் ஆடினால் ஸ்கேனரில் கன்ட்ரோலர் கேட்ட அழுத்தத்தையும் ரயிலில் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிடைத்தது கேட்டதைத் துரத்தி அலை போல ஏறி இறங்கினால் பம்ப்பின் மேல் இருக்கும் கன்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொள்கிறது, அல்லது டீசலில் காற்று. இங்கே சென்சார் வெறும் சாட்சி.

வெப்பம் அதிகம் என்று அலாரம்

தண்ணீர் ஒரே நொடியில் சூடாகாது. 85லிருந்து அலாரத்துக்கு ஒரே தாவலாகத் தாவினால் மின்சாரக் குறை. இருபது நிமிடம் லோடில் படிப்படியாக ஏறினால் உண்மையான சூடு: ரேடியேட்டர் துடுப்பில் தூசி, தளர்ந்த ஃபேன் பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட். ரேடியேட்டரை உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போகும்.

இரண்டு கம்பி வெப்ப சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் இறங்கும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் 2,500 ஓம், நம் ஊர் 35 டிகிரியில் 1,400 அளவு, 80 டிகிரியில் 320, 100 டிகிரியில் 190 சொச்சம். உங்கள் மாடலில் எண் மாறலாம், போக்கு மாறாது.

கம்பியா சென்சாரா என்று பிரிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. கப்ளரைக் கழற்றினால் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி அருகே காட்ட வேண்டும். கம்பிப் பக்கக் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் உச்சபட்ச சூடு காட்ட வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் கம்பியும் கன்ட்ரோலரும் நலம், சென்சாரை மாற்றுங்கள். நடக்காவிட்டால் சென்சார் வாங்கக் கிளம்பாதீர்கள். இரண்டு கம்பி வெப்ப சென்சாரில் மட்டுமே இப்படி இணைக்கலாம். மூன்று கம்பி சென்சாரில் செய்தால் ஐந்து வோல்ட் ஊட்டத்தையே எர்த்தில் அடித்துவிடுவீர்கள்.

இப்போது, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு. வெப்ப சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தக் கப்ளரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி விற்கிறார்கள். கேஜ் எப்போதும் 80லேயே அழகாக நிற்கும். வாங்கியவர் எஞ்சின் கொதிப்பதே தெரியாமல் ஓட்டுவார். பத்து லட்சம் கடன் வாங்கி வந்தவருக்குச் செய்கிற துரோகம் இது. வண்டி பார்க்கப் போனால் விடியற்காலையில், எஞ்சின் ஓடும் முன் போங்கள். சாவி மட்டும் போட்டுத் தண்ணீர் வெப்பம், காற்று வெப்பம், டீசல் வெப்பம் மூன்றையும் பாருங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் மூன்றும் அன்றைய காற்றின் வெப்பத்தையே, சில டிகிரி வித்தியாசத்தில், சொல்ல வேண்டும். 28, 29, 28 என்றால் நல்லது. 80, 29, 28 என்றால் பேச்சை நிறுத்திவிட்டுக் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு, கழற்றப்பட்ட விளக்காக இருக்கலாம். எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறவரிடம் நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆயில் பிரஷர் விளக்கு

எரிந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். ஆயில் குச்சியைப் பாருங்கள். பிறகு சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கடிகாரக் கேஜை மாட்டி ஓட்டுங்கள். சூடான ஐடிலில் ஒரு பார் அளவாவது, முழு வேகத்தில் 3 முதல் 5 பார் வரை பல எஞ்சின்களில் இருக்கும். கேஜ் நன்றாகக் காட்டி விளக்கு எரிந்தால் மட்டுமே சென்சார் பேச்சு. கேஜ் இல்லாமல் "சென்சார்தான், ஓட்டு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு ஷிப்ட் ஓடினால் கிராங்க் பேரிங் போய்விடும்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு கோடுகள்

ஐந்து சென்சார்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. அவற்றுக்குப் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது. சென்சார்கள் பல ஒரே ஐந்து வோல்ட் ஊட்டத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றின் கம்பி பாடியில் உரசி எர்த் ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஊட்டம் விழும்.

ஏதேனும் ஒரு கப்ளரில் ஐந்து வோல்ட்டை அளந்துகொண்டே மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது ஐந்து வோல்ட் திரும்புகிறதோ, குறை அந்த சென்சாருக்குள். எல்லாம் கழற்றியும் திரும்பாவிட்டால் வயர் கட்டில் எங்கோ உரசல். இரும்புப் பட்டை பிடிக்கும் இடங்கள், எஞ்சின் பாடியைத் தாண்டும் இடங்கள், டர்போவுக்கு அருகே போகும் இடங்கள்: மூன்றையும் கையால் ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள்.

மானிட்டரே எஞ்சினோடு பேசவில்லை, ஆர்பிஎம்மும் வெப்பமும் எல்லாம் எண் இல்லாமல் வெறும் கோடாக நிற்கிறது என்றால், கன்ட்ரோலரும் மானிட்டரும் செய்தி பரிமாறும் கேன் கம்பிகள். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள் அவை. பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் 60 வர வேண்டும். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. ஒட்டுப்போட்டால் அந்த முறுக்கையும் காப்பாற்றுங்கள்.

இந்த வகைப் பழுதோடு என்னிடம் வரும் வண்டிகளில் நான் கேட்கும் முதல் கேள்வி: கடைசியாக எப்போது வெல்டிங் வைத்தீர்கள்? பக்கெட் பல் வைக்க வெல்டர் வருவார். எர்த் கிளிப்பை வசதியாக இருக்கிறதென்று செயினில் மாட்டுவார், ராடு பக்கெட்டில். மின்சாரம் ஆர்ம், பூம், சுழலும் பேரிங் எல்லாவற்றையும் தாண்டி, எந்த எர்த் கம்பி குறுக்கே கிடைக்கிறதோ அதன் வழியே போகும். கன்ட்ரோலரும் சென்சாரும் மட்டுமல்ல, பேரிங்கும் அடிபடும். வெல்டிங் வைக்கும் முன் சாவியை எடுத்துச் சில நிமிடம் விட்டு, பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். எர்த் கிளிப் அந்தப் பக்கெட்டிலேயே, ராடு படும் இடத்துக்கு ஒரு கைநீளத்துக்குள் பிடிக்கட்டும். வெல்டர் அவசரப்படுத்தினால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

தண்ணீர் விளக்கு

டீசலில் தண்ணீர் என்ற விளக்குக்கு முதல் வேலை, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடிப்பது. அடியில் தண்ணீர் நின்றால் விளக்கு சொன்னது உண்மை. டிரம்மில் அடிமட்டம் வரை உறிஞ்சி ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். சுத்தமான டீசல் வந்தும் விளக்கு அணையாவிட்டால் அப்போது அந்தச் சென்சாரின் இரண்டு பின்னைத் துடைத்துப் பாருங்கள்.

கப்ளரும் கம்பியும்

கப்ளரைக் கழற்றியதும் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் செம்பு அரித்திருக்கிறது. பின் உள்ளே தள்ளிப்போயிருக்கலாம். ரப்பர் வளையம் இல்லாமல் இருக்கலாம். பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவிய மறுநாள் வரும் பழுதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். கிளீனர் அடித்துக் காற்றில் உலர விட்டு மாட்டுங்கள். கிரீஸ் அப்பி வைக்காதீர்கள். அது தூசியைப் பிடித்துவைக்கும்.

அறுந்த கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலில் ஒரு மாதம் தாங்காது. பசை உருகி டேப் வழுக்கிவிடும். அதே தடிமனில் கம்பி எடுத்து, இணைப்புக் குழலில் வைத்து நசுக்கி (கிரிம்ப்), உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். ஒட்டு, கம்பி வளையும் இடத்தில் விழக் கூடாது. வண்டி வாரக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் எஞ்சின் அறையில் சாப்பாட்டுப் பொட்டலம், எண்ணெய்த் துணி எதையும் விடாதீர்கள். எலி முதலில் அவற்றுக்குத்தான் வரும். கம்பியைக் கடிப்பது பிறகு.

பழுது பார்த்து முடித்ததும் கோடுகளை அழித்து, சும்மா ஐடிலில் விட்டு ஒப்படைக்காதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் முழுச் சூட்டுக்கு வரும்வரை மண் அள்ளி, சுழற்றி, மேட்டில் ஏற்றி ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். பிறகு கோடு மறுபடி பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அன்றைய தேதி, மணி மீட்டர் எண், அளந்த ஓம், வோல்ட் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கேபினிலேயே வையுங்கள். கள்ளிக்குடி வண்டியின் நோட்டில் முதல் வரி கிராங்க் சென்சாரின் ஓம். கழற்றிய பழைய மூன்று சென்சார்களையும் அளந்து பார்த்தேன், மூன்றும் நலம். உரிமையாளர் அவற்றைத் துணியில் சுற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அவசரத்துக்கு உதவும்.